இடம் மாறி நிற்கும் வள்ளங்கள்

பள்ளிமுனையில் நண்டு விற்கிற மெற்றில்டாவை வாய்க்காரி என்பார்கள். சொல்லட்டும். அவளின் மகள் டினோஜாவுக்கு உடம்பெல்லாம் தேத்தண்ணி நிறப் புள்ளிகள். நியூரோபைப்ரோமற்றோசிஸ் என்ற பிறவி நோயாம். கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் ஒரு கட்டியும் இருந்தது. "இப்ப மருந்து வேண்டாம். பார்வை குறைஞ்சால் உடனே கொண்டுவாங்கோ" என்றார் டொக்டர்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடலுக்குப் போவதில்லை, வள்ளம் எல்லாம் கரையில் நிற்கும். பூசை முடிந்ததும் மெற்றில்டா மகளைக் கூட்டிவந்து, கண்களை மாறி மாறிப் பொத்தி, வள்ளங்களின் பெயரை வாசிக்கச் சொல்லுவாள். பிள்ளை ஒன்றும் பிழைவிடாது.

ஒருமுறை பேதுருவின் வள்ளம் திருத்தப் போயிருந்தது. அந்த இடத்தில் என்னுடைய 'செபஸ்தியார்' நின்றது. இடக்கண்ணைப் பொத்திய பிள்ளை, பேதுருவின் 'வேளாங்கண்ணி' என்றே வாசித்தது. அவ்வளவும் பாடமாக்கி வைத்திருக்கிறது!

மெற்றில்டா பூசைக்கு உடுத்த சீலையோடேயே பஸ் ஏறினாள். மருந்து தொடங்கினார்கள், மிஞ்சிய பார்வை தப்பியது.

திரும்பிவந்தவள் எங்களைப் பார்த்துக் கத்தினாள்: "இனிச் சனிக்கிழமையில வள்ளங்களை இடம் மாத்திக் கட்டுங்கோ!"

கட்டுகிற இடத்துக்காக அண்ணனும் தம்பியும் மண்டையை உடைத்த கரை இது. இப்போது பூசைக்கே வராதவன்கூட, சனிக்கிழமை பின்னேரம் வந்து தன் வள்ளத்தை மாற்றிக் கட்டிவிட்டுத்தான் போகிறான்.