லீடரின் மியூட் பொத்தான்

கவிழ்த்து வைத்த தட்டு போல மேசை நடுவில் ஒரு கருப்பு ஸ்பீக்கர்போன் இருக்கும். அதன் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். நாம் பேசுவது எதிர்முனைக்குக் கேட்காது. ஓசூரில் என் முதல் மென்பொருள் கம்பெனியில், டீம் லீடரின் விரல் எப்போதும் அந்தப் பொத்தானின் மேல்தான். கிளையண்ட் அழைப்பில் நான் வாய் திறந்தால் சிவப்பு எரியும். "நீ கோடு மட்டும் எழுதும்மா. பேசறதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்பார். அவருக்கு ஆங்கிலம் தங்குதடையில்லாமல் வரும். ஆந்திர, கர்நாடக எல்லையோரம் பேரிகை ஊர்க்காரியான எனக்கு வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம். ஆங்கிலம் மட்டும் திக்கித் திணறித்தான் வரும். அதைச் சொல்லிக் காட்டி எல்லோர் முன்னாலும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்கும் எண்ணமும் இல்லை.

அப்போது ஒரு தொழிற்சாலைக்கு, எந்தத் தொழிலாளி எவ்வளவு செய்தார் என்று பதிந்துவைக்கும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். மெஷினில் நிற்பவர்களோடு தெலுங்கில் பேசியபோது எனக்கு ஒன்று விளங்கியது. சைரன் ஊதியதும் எல்லோரும் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவார்கள். சானமாவு காட்டுப் பக்கம் யானை இறங்கியிருக்கிறது என்று தகவல் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த அவசரத்தில் யாரும் திரையில் லாக் அவுட் செய்ய மாட்டார்கள். அடுத்து வருபவரின் வேலையும் போனவர் பெயரிலேயே ஏறும். கிளையண்டிடம் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். சிவப்பு எரிந்தது. பிறகு அதை அணைத்துவிட்டு, "எல்லாம் ரெடி" என்றார் லீடர்.

நான் பயந்ததுதான் நடந்தது. ஒருவர் உழைப்பு இன்னொருவர் பெயரில் ஏறி, லைனில் கைகலப்பு வரை போனது. எங்கள் முதலாளி விசாரித்தபோது, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "அந்தப் பொண்ணுக்குக் கம்யூனிகேஷன் பத்தல சார். முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார் லீடர். என் வேலை போனது.

பிறகு வேறொரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் சேர்ந்தேன். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும், அன்று நான் எழுதியதை அவர்கள் பாஷையில் சொல்வேன். "அப்படீன்னா இது ஏன் இப்படி?" என்று அவர்கள் திருப்பிக் கேட்கும்வரை விடமாட்டேன். ஆங்கிலத்தையும் அப்படியே வசப்படுத்தினேன். மென்பொருள் வேலைக்குப் போகத் துடிக்கும் பிள்ளைகள் இன்று என்னிடம் கம்யூனிகேஷனுக்கு வழி கேட்கிறார்கள். புரியும்வரை சொல்லுங்கள், சொல்ல வருபவரைச் சொல்லவிடுங்கள் என்கிறேன். ஆனால் நான் இதையெல்லாம் கற்றது நல்லெண்ணத்தால் அல்ல. அந்த மனிதரை ஒருநாள் என் எதிரே உட்காரவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன மாதம் உட்கார்ந்தார். எங்களுக்குப் புது மென்பொருள் தேவை, தேர்ந்தெடுப்பவள் நான். தங்கள் மென்பொருளை விற்க ஒரு இளம் பெண் பொறியாளரோடு வந்தார். எங்கள் மேலதிகாரிகள் பெங்களூரிலிருந்து ஸ்பீக்கர்போன் இணைப்பில் இருந்தார்கள். "ஷிஃப்ட் மாறும்போது லாக் அவுட் பண்ணாம போயிட்டா என்ன ஆகும் சார்?" என்று கேட்டேன். "எல்லாம் ரெடி மேடம்" என்றார். அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "இல்லீங்க மேடம், அதுல ஒரு பிரச்சனை..." என்றாள். பழக்கதோஷம், அவர் கை பொத்தானைத் தேடிப் போனது. ஸ்பீக்கர்போன் அங்கே இல்லை. அவர் வருவதற்கு முன்பே என் பக்கம் இழுத்து வைத்திருந்தேன்.

"அவங்க பேசட்டும் சார்" என்றேன். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் செத்துப்போனது. எனக்கு இரக்கம் வரவில்லை, இனித்தது.

ஆர்டரை அவர்களுக்கே கொடுத்தேன், ஒரே நிபந்தனையோடு: கூட்டங்களில் அந்தப் பெண்தான் பேசவேண்டும், அவர் கூடவே வந்து உட்காரவேண்டும். வாராவாரம் வருகிறார். அவர் வாய் திறந்தால் நான் எதுவும் சொல்வதில்லை. விரலைப் பொத்தானின் மேல் வைக்கிறேன். மூடிக்கொள்கிறார்.