பதின்மூன்றாவது ஜோடிக் கால்

என் பெட்டியின் அடியில் பன்னிரண்டு முடிச்சுப் போட்ட வெள்ளை நூல் ஒன்று இருக்கிறது. மருமகள் ஒருமுறை குப்பை என்று எடுத்து எறியப் பார்த்தாள், பாய்ந்து பிடுங்கிவிட்டேன். ஒரு கொட்டகையின் முழு வரைபடம் அது. திட்டம் போட்டவர் என் மதினி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா.

எழுபதுகளின் தொடக்கம். நான் கல்யாணமாகி அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டிக்கு வந்து இரண்டாவது வருஷம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தறி. தறியில் ஏற்றும் நீள நூலான பாவை வெட்டவெளியில் விரித்து, கஞ்சி போட்டுக் காயவைத்த பிறகுதான் நெய்ய முடியும். வருஷம் முழுக்க மழைக்கு ஏங்குகிற சீமை இது. ஆனால் தீபாவளிச் சேலைக்கு வியாபாரி நெருக்குகிற ஐப்பசியில்தான் மழை வந்து தொலைக்கும். ஈரப்பாவில் மழை விழுந்தால் கஞ்சி கரைந்து நூல் பாழ். அந்த முறை இரண்டு பாவு அப்படிப் போயிற்று. சேலை நெய்கிற வீட்டில் தீபாவளிக்குப் பழஞ்சேலை உடுத்தினோம். அன்றைக்கே மதினி சொல்லிவிட்டார்: "அடுத்த ஐப்பசிக்குள்ள பாவுக்கு ஒரு கொட்டகை போட்டுறணும். சுவரு வேணாம். காலும் கூரையும் போதும்."

அதன்பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. மதினி தரையில் புளியங்கொட்டையைப் பரப்பி உட்கார்ந்துவிடுவார். ஒரு கொட்டை ஐந்து ரூபாய். கால்களுக்கு ஒரு குவியல், கூரைச் சட்டத்துக்கு ஒன்று, பனையோலைக்கு, ஆசாரி கூலிக்கு, வண்டி வாடகைக்கு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், இந்தக் கணக்கு வந்தால் தமிழுக்கு மாறிவிடுவார். கடைத்தெருவில் பேரம் பேசிப் பேசி வந்த பழக்கம். என் வீட்டுக்காரர் தகரக் கூரை போடலாம் என்று சொல்லி, கொட்டைகளை அங்குமிங்கும் தள்ளிப் பார்த்தார். "தகரத்துக்குக் கீழ பாவு காயுறதுக்கு முந்தி நாம காஞ்சிருவோம் தம்பி" என்று மதினி குவியலைத் திரும்பக் கூட்டினார். ஓரத்தில் மூன்று கொட்டை தனியாக இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன்.

"தெறப்பு விழாவுக்குக் காப்பியும் வடையும். எதுல கொறைச்சாலும் அதுல மட்டும் கை வைக்கப்படாது, ஆமா."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். குழம்புக்குப் புளி கரைக்கும்போது கொட்டையை எறிய மனம் வராமல் முந்தானையில் முடிந்துகொள்வேன்.

இடத்தை அளந்தது நாங்கள் இருவரும்தான். நூலின் நுனியைப் பிடித்து மதினி கிழக்கு முனையில் நின்றார். நூல்கண்டை அவிழ்த்துக்கொண்டே நான் மேற்கே நடந்தேன். ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவே விட வேண்டிய தூரத்தைக் கடந்ததும் ஒரு முடிச்சுப் போட்டேன். மொத்தம் பன்னிரண்டு. அந்தப் பக்கம் பன்னிரண்டு, இந்தப் பக்கம் பன்னிரண்டு, ஆக இருபத்துநான்கு பனங்கால். திருச்சுழிப் பக்கமிருந்து லோடு வந்து இறங்கியபோது ஒவ்வொரு காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

ஆசாரி மேற்கிலிருந்து நட்டுக்கொண்டே வந்தார். கிழக்குக் கோடிக்கு முந்தின குழியோடு கால் தீர்ந்துவிட்டது. "ஏந்தாயி, இந்த முனைக்கு ரெண்டு காலு எங்க?"

நூலை எடுத்து எண்ணினோம். முடிச்சு சரியாகத்தான் இருந்தது. ஆசாரி விழுந்து விழுந்து சிரித்தார். தறியில் சீப்பு மாதிரி இருக்கும் அச்சில் இழை போவது பல்லுக்குப் பல் உள்ள இடைவெளியில். நெசவாளி எண்ணுவதும் அந்த இடைவெளியைத்தான், பல்லை யாரும் எண்ணுவதில்லை. அதே பழக்கத்தில் கொட்டகைக்கும் இடைவெளியை எண்ணியிருக்கிறோம். பன்னிரண்டு இடைவெளிக்குப் பதின்மூன்று ஜோடி வேண்டும் என்று பள்ளிக்கூடம் போன எனக்கும் உறைக்கவில்லை. வெட்கமாகப் போயிற்று. மற்ற பகுதிக்கு ஓலை வேய்ந்தாயிற்று; கடைசி இடைவெளி மட்டும் வானம் பார்த்துக் கிடந்தது. மிச்சமிருந்தது வடைக்கு வைத்த மூன்று கொட்டைதான்; அதில் கை வைக்க மதினிக்கு மனம் வரவில்லை.

ஐப்பசி பிறந்துவிட்டது; வியாபாரி கெடு வைத்திருந்தார். இனியும் பொறுக்க முடியாமல் பாவைக் கொட்டகையின் முழு நீளத்துக்கும் விரித்துக் கஞ்சி போட்டோம். பாதி காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மதினி ஓடிப்போய்த் தார்ப்பாயும் இரண்டு மூங்கிலும் கொண்டுவந்தார். பாயின் இரண்டு மூலையைக் கடைசிக் கால்களில் கட்டி, மற்ற இரண்டையும் மூங்கில்களில் மாட்டினார்.

"நீ அங்கிட்டு நில்லு, நான் இங்கிட்டு நிக்கிறேன். இப்ப நாமதேன் காலு! அசையக் கூடாது!"

ஒரு மணி நேரம் நின்றோம். தண்ணீர் எங்கள் தலையில் ஊற்றியது, பாவில் ஒரு சொட்டு விழவில்லை. மதினி நனைந்துகொண்டே சிரித்தார்; எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. "சிரிக்காதடி, கூரை ஆடுது" என்று அதற்கும் அதட்டினார். சேலை கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. அந்தத் தீபாவளிக்குப் புதுச்சேலை கட்டினோம். வடைக்கு வைத்த அந்த மூன்று கொட்டைப் பணத்தில் மதினி விட்டுப்போன இரண்டு காலையும் வாங்கினார். திறப்பு விழாவுக்கு வந்தவர்களுக்கு மோர்தான்.

இப்போது அதே இடத்தில் மகன் கார் நிறுத்த ஷெட் போடுகிறான். என்ஜினியர் வரைந்த தாளைக் கேட்டு வாங்கித் தூண்களை எண்ணினேன், இரண்டு தடவை. சரியாக இருந்தது. மதினி இருந்திருந்தால் வடைக்கு ஒதுக்கியாயிற்றா என்று கேட்டிருப்பார். உள்ளே போய் அந்த நூலை எடுத்து நீட்டிப் பார்த்தேன். அவர் பிடித்திருந்த நுனியில் மட்டும் முடிச்சு இல்லை. விட்டுப்போன ஒன்றைப் போட்டுவிடலாம் என்று கை போயிற்று. போடவில்லை. அங்கே மதினி நிற்கிறார்.