ரோஸ்லின் அக்காவும் பாதியில் நின்ற சண்டை டான்ஸும்

ரோஸ்லின் அக்கா போய்விட்டார்.

காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது போன். ஹார்ட் அட்டாக்காம். பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே "எந்த ரோஸ்லின்?" என்று கேட்டேன்... எனக்குத் தெரிந்த ரோஸ்லின் ஒருவர்தான்.

திருமுடிவாக்கத்தில் எங்கள் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தவர். போன வருடம்தான் ரிட்டயர் ஆனார். நான் அங்கேயே டிஸ்பாட்ச். பத்தாவது பாஸ், அதுவும் ரெண்டாவது அட்டெம்ப்டில்.

அக்காவுக்கு ஒரே பைத்தியம்... பழைய ஹாலிவுட் டான்ஸ் காமெடிப் படங்கள். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸில் போனைச் சாய்த்து வைத்துப் பார்ப்பார்.

"ஏன்க்கா, அவங்க பேசுறது புரியுதா உங்களுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பேசுறது யாருக்கு வோணும்? காலப் பாரு தம்பி. நம்ம படத்துல மூஞ்சிய ஒரு தபா, இடுப்ப ஒரு தபா காட்டிட்டு வெட்டிர்றான். இவன் தலையிலேர்ந்து கால் வரிக்கும் முழுசா காட்டிகினே கீறான். ஏமாத்தவே முடியாது."

உட்கார்ந்து பார்த்தேன். ஒருத்தனும் ஒருத்தியும் சண்டை. வாயால் இல்லை, காலால். அவன் ஒரு தட்டு தட்டினால் அவள் பதிலுக்கு ரெண்டு. ஆடி முடிக்கும்போது எதற்குச் சண்டை போட்டோம் என்று ரெண்டு பேருக்குமே மறந்துவிட்டது.

எங்கள் வீட்டிலும் சண்டை உண்டு. மியூசிக்தான் இல்லை. கரண்டிச் சத்தம் மட்டும்.

"வூட்டுக்குப் போனா அழறதுக்கு எவ்ளோ கீது. இதுல யாராச்சும் சாவுறாங்களா பாரு... ஒருத்தரும் சாவ மாட்டாங்க" என்பார் அக்கா.

ஆயுத பூஜை விழாவில் இப்படி ஒரு சண்டை டான்ஸ் ஆட வேண்டும் என்று வருஷா வருஷம் மேனேஜரிடம் கேட்பார். "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்பார் அவர். கடைசியில் ரிட்டயர்மென்ட் நெருங்கிவிட்டது. இனி அடுத்த வருஷம் என்று சொல்ல வழியில்லை. சரி என்றார்.

ஜோடிக்கு என்னைப் பிடித்தார்.

"நானா? ஏன்க்கா?"

"நீ சும்மா நடந்தாலே சிரிப்பு வருது தம்பி. பாதி வேல முடிஞ்சிது பாரு."

சத்தம் வருவதற்காகச் செருப்புக்கு அடியில் வாஷர் ஒட்டிக்கொண்டோம். ராஜகீழ்ப்பாக்கத்தில் என் வீட்டு மொசைக் தரையிலும் தட்டிப் பழகினேன். கீழ் வீட்டுக்காரர் ஏறி வந்து, "பைப் ஒடைக்கிறீங்களா சார்?" என்று கேட்டார்.

பொத்தேரியில் காலேஜ் படிக்கும் என் மகள் கும்பிட்டே விட்டாள். "அப்பா, ப்ளீஸ்... யாராவது ரீல்ஸ் போட்டுட்டா நான் காலேஜே போக முடியாது."

விழா அன்று மேடை ஏறினோம். அக்கா தட்டினார். நான் பதிலுக்குத் தட்டினேன். என் தொப்பை கொஞ்சம் லேட்டாக வந்து சேர்ந்தது. கூட்டம் வெடித்துச் சிரித்தது. வெல்டிங் பசங்க விசில்.

அக்கா முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

திடீரென்று பாட்டு நின்றது.

மைக் செட் பக்கத்தில் மேனேஜர். முன் வரிசையில் கஸ்டமர் கம்பெனியிலிருந்து வந்த பெரிய ஆட்கள்.

"போதும்மா, எறங்குங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க... அசிங்கமா இருக்கு."

"சிரிக்கத்தான் சார் ஆடறோம்..."

"சொன்னா கேளுங்கம்மா."

அடுத்து முதலாளி பேரனின் கராத்தே. அது மட்டும் முழுசாக நடந்தது. ரெண்டு தடவை.

அக்கா படியில் இறங்கும்போது வாஷர் டக் டக் என்று அடித்தது. அதற்கும் யாரோ சிரித்தார்கள். அது வேற சிரிப்பு.

அதன் பிறகு அவர் டிபன் பாக்ஸில் போனைச் சாய்த்து வைக்கவே இல்லை. கேட்டால், "சார்ஜ் இல்ல தம்பி."

ரிட்டயர் ஆகிற நாள் வரைக்கும் சார்ஜ் இல்லை.

இன்று அக்கா வீட்டுக்கு மேனேஜர் மாலையோடு வந்திருந்தார். பெரிய மாலை. அதற்கு முன்பே கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்... 'நம் நிறுவனத்தின் கலைக்குயில் மறைந்தது'. அக்கா பாடியதே கிடையாது. கூடவே அந்த மேடை போட்டோ. அக்கா வாயெல்லாம் பல். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு தொப்பை... அது நான்.

ஷாமியானா ஓரத்துக்கு என்னைக் கூப்பிட்டார்.

"அந்த டான்ஸ் ஃபுல் வீடியோ இருக்கா? இரங்கல் கூட்டத்துல போட்டா நல்லா இருக்கும்."

"பாதிதான் சார் இருக்கு."

"ஏன்... அன்னிக்கு கரண்ட் போச்சா?"

நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

என் பிரெண்ட் லிஸ்டில்தான் இருக்கிறார். இதையும் படிப்பார். லைக் போட்டாலும் போடுவார்.

அக்கா... அந்த ஆட்டத்தின் முடிவு நம் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஆடிக் களைத்து, ஒரே ஸ்டூலில் ரெண்டு பேரும் உட்காரப் போய், இடம் பத்தாமல் தொப்பென்று கீழே விழ வேண்டும். "அங்கதான் தம்பி பெரிய சிரிப்பு வரும், பாத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள்.

ஸ்டூல் மேடைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது.

போய் வாருங்கள் அக்கா.