குணமானவரின் பெண்டாட்டி

அடுத்தவர் தைத்ததில் குறை கண்டுபிடித்துக் கூலி வாங்குகிறவள் அவள். சட்டைக் கம்பெனியில் தைத்து வரும் உருப்படிகளை வெள்ளை விளக்கு மேஜையில் விரித்து, விட்டுப்போன தையல், கோணல் காலர், தொங்கும் நூல் எல்லாவற்றிலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். கம்பெனியில் அவளுக்கு செக்கிங் அக்கா என்று பேர். தையல்காரிகள் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பேர் வேறு, அது இங்கே வேண்டாம். அப்படிப்பட்ட கழுகுக் கண்காரி தன் வீட்டுக்குள் ஒரு பொய்யைச் சோறு போட்டு வளர்த்தாள் என்றால் யாராவது நம்புவார்களா?

எல்லாம் புருஷனுக்காகத்தான். கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரை போட்டால் அடங்கிக் கிடக்கும், விட்டால் ஆளைக் கீழே தள்ளிவிடும். கிடங்கில் யாருக்கும் தெரியாது. ஆயுசுக்கும் மாத்திரை என்று டாக்டர் சொன்னது அவருக்கு ஆறாத அவமானம். "நான் என்ன நோயாளியா?" என்று கேட்பார். நோயாளிதான். அதை யார் அவரிடம் சொல்வது?

டயர் கடை மாடியில் வாரந்தோறும் கூடும் ஜபக் கூட்டம் அதைச் சொல்லவில்லை. நீ எப்போதோ குணமாகிவிட்டாய், நம்ப வேண்டியதுதான் பாக்கி என்றது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. குணமானவர் தன் மாத்திரைகளை எல்லோர் முன்னாலும் ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் நோயின் பேரை எடுக்கக்கூடாது. எடுத்தால் சந்தேகம், சந்தேகம் நுழைந்த வீட்டுக்கு நோய் திரும்பிவிடும். கூட்டத்தை நடத்துகிறவரைப் பெரியவர் என்பார்கள். கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார், அழுகிறவர்களோடு சேர்ந்து அழுவார். அதுதான் கொடுமை. அவர் வெறும் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் செக்கிங் அக்கா முதல் நாளே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாள்.

புருஷன் ஜாடியில் மாத்திரை போட்ட அன்று வீடு திரும்பும் வழியிலேயே அவள் ஆரம்பித்துவிட்டாள். கெஞ்சினாள், சண்டை போட்டாள், பட்டினி கிடந்தாள். மனுஷன் அசையவில்லை. கடைசியில், தெரிந்தவர்கள் வராத ஒரு தெருவின் மருந்துக்கடையில் அதே மாத்திரையை வாங்கிவந்து, கரண்டியால் நுணுக்கி, இரண்டு வேளையும் அவர் டீயில் கலந்தாள். கசப்புத் தெரியாமலிருக்க சர்க்கரையை அள்ளிப் போட்டாள்.

"என்னம்மா இது, டீயா சர்க்கரைப் பாகா?"

"பாசம் கூடிப் போச்சுங்க. பேசாம குடிங்க."

சிரித்துக்கொண்டே குடித்தார். வலிப்பு வரவில்லை. மாதங்கள் போயின. மேடையேறிச் சாட்சி சொன்னார்: "நான் மாத்திரையை விட்டேன், வலிப்பு என்னை விட்டுடுச்சு!" அந்த வீடியோ ஊரிலுள்ள போன்களையெல்லாம் சுற்றி வந்தது. தலை குனிந்தே நடந்தவர் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். அதைப் பார்க்க அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்வானேன்? உண்மையைச் சொன்னால் குடிக்கமாட்டார். குடிக்காவிட்டால் வண்டியோடு யார் மேலாவது போய் விழுவார். வாயை மூடிக்கொண்டாள்.

கம்பெனி கேன்டீனில் சமைக்கும் அக்காவுக்கு ஒரே மகள், காலேஜில் படிக்கிறவள். அவளுக்கும் இதே நோய். ஒரு மத்தியானம் கேன்டீன் அக்கா போனும் கையுமாக வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"இது உன் வீட்டுக்காரர்தானேம்மா? நெஜமாவே நின்னு போச்சா? வேற யாரு சொன்னாலும் நம்பமாட்டேன். நீ ஓட்டையை ஓட்டைன்னு சொல்றவ. நீ சொல்லு."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இருவர் அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர்கள். இங்கே பேசினால் சாயங்காலத்துக்குள் புருஷன் காதுக்குப் போய்விடும்.

"வரலக்கா. இதுவரைக்கும் வரல," என்றாள்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. தனியாகக் கூப்பிட்டு மீதியையும் சொல்லிவிட வேண்டுமென்று அன்றைக்கே நினைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தாள். மறுநாள் லோடு அனுப்பும் அவசரம், அதற்கடுத்த நாள் கேன்டீன் அக்கா லீவு. சொல்ல மனசிருந்தால் வழியா கிடைக்காது? நாக்கு எழவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணும் மாடிக்குப் போய் ஜாடியில் மாத்திரை போட்டாள். ஒரு நாள் வலிப்பு வந்து குளியலறையில் விழுந்தாள். குழாய்ச் சத்தத்தில் அம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கதவை உடைத்துத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சாவு வீட்டுக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே போனார்கள். பெரியவரும் வந்திருந்தார். "எங்கேயோ ஒரு மூலையில சந்தேகம் இருந்திருக்கும்மா," என்று தழுதழுத்தார்.

கேன்டீன் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இருந்துச்சுய்யா! இந்தப் பாவிகிட்டதான் இருந்துச்சு! அவ ஜாடியில போட்டது பாதிதான். எதுக்கும் இருக்கட்டும்னு மீதியை நான் அலமாரியில ஒளிச்சு வச்சேன். என் சந்தேகமே என் பொண்ணைத் தின்னுடுச்சு!"

பெரியவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. செக்கிங் அக்காவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்துவிட்டாள்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லக்கா. இவருக்கும் குணமாகல. தினமும் மாத்திரையை நுணுக்கி நான்தான் டீயில கலந்து குடுத்தேன். அதனாலதான் வரல. வேற ஒண்ணுமே இல்ல."

புருஷனின் முகம் வெளுத்தது.

"என்னடி உளர்றே?" இத்தனை வருஷத்தில் அவர் அவளை 'டி' போட்டதே இல்லை. "நான் குணமானவன். இனிமே உன் கையால பச்சைத் தண்ணி குடிக்கமாட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு கிடங்கு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். அவள் வாசல்வரை ஓடி, "வண்டியில ஏறாதீங்க!" என்று கத்தினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"உன் கையால வந்ததுன்னாலும் குடுத்தவர் மேலே இருக்கிறவர்தாம்மா," என்றார் பெரியவர் மெதுவாக. சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கு மூச்சு வந்தது.

கேன்டீன் அக்கா மட்டும் ஆட்டவில்லை. அழுகை நின்றிருந்தது. வாசலிலிருந்து திரும்பிவந்தவளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு உன்னைத்தானே கேட்டேன்."

"ஆமாக்கா."

"எனக்கும் டீ போடத் தெரியுமேடி."