கால் இஞ்சில் தொங்கிய கல்யாண பிளவுஸ்

பிளவுஸ் தைப்பது ஊசி நூல் வேலை என்று நினைப்பவர்கள் ஒரு தடவை அளவு நாடாவைப் பிடித்துப் பார்க்கட்டும்; அது முழுக்க முழுக்கப் பின்னக் கணக்கு. வீட்டில் தைத்துக் கொடுக்கும் பாவப்பட்ட சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா!

பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்கள் ஃபிளாட்டின் முன்னறைதான் என் தையல் கடை. கெப்பாலா பத்தாஸ் பக்கம் கம்பத்தில், கிராமத்துப் பள்ளியில் படித்தவள் நான். பெரிய படிப்பில்லை, ஆனால் அரை, கால், அரைக்கால் எல்லாம் அத்துப்படி. படித்தவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

போன மாதம் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு கல்யாண ஆர்டர். மணப்பெண், அவள் அக்கா, அம்மா, மூவருக்கும் பிளவுஸ். மணப்பெண்ணுடையது கூறைச் சேலையோடு ஒட்டி வந்த பட்டு. கெடுத்துவிட்டால் மாற்றுத் துணிக்கு எங்கேயும் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை தாலி கட்டு.

எழுபதரை இஞ்ச்

மணப்பெண்ணின் அக்கா பேங்கில் பெரிய உத்தியோகம். நேரில் வர நேரமில்லையாம். வாட்ஸ்அப்பில் அளவு வந்தது: "நீளம் 141/2". பதினாலரை என்று சொல்ல வந்தாள். பதினாலைத் தள்ளி எழுதியிருந்தால் கலப்புப் பின்னம். ஒட்ட வைத்ததால் மேலே நூற்று நாற்பத்தொன்று, கீழே இரண்டு. மேலே பெரிசு, கீழே சிறிசு என்றால் என் மகளின் கணக்குப் புத்தகத்தில் அதற்குப் பெயர் தகாப் பின்னம். வகுத்தால் எழுபதரை இஞ்ச். அவள் நடந்தால் பிளவுஸே வீடு கூட்டிவிடும்!

போன் போட்டுக் கேட்டேன். "அதெல்லாம் நீங்களே புரிஞ்சிக்கணும்லா அக்கா! எத்தனை வருஷமா தைக்கிறீங்க?"

பெரிய நம்பர்

அடுத்து அம்மாக்காரி. போட்டுப் பார்த்தார், கை இறுக்கம். "கால் இஞ்ச் விட்டுத் தரேன் ஆன்ட்டி" என்றேன். கால் பத்தாதாம், எட்டில் ஒன்று விட வேண்டுமாம். எட்டு பெரிசாம்! கீழே உள்ள எண் ஏற ஏறத் துண்டு சிறுக்கும் என்று எப்படிச் சொல்வது? "ஒரு ரொட்டி சானாயை நாலு பேர் பிய்ச்சா உங்களுக்கு நிறையக் கிடைக்குமா, எட்டுப் பேர் பிய்ச்சாவா?" என்று கேட்டேன்.

"நான் ஏம்மா பிய்க்கணும்? எனக்கு முழுசா ஒண்ணு வாங்கிக்குவேன். நீ எட்டே வுடு."

கால் இஞ்ச் விட்டேன். போட்டுப் பார்த்துவிட்டு, எட்டில் ஒன்று கச்சிதம் என்று மெச்சிக்கொண்டார்.

லெட்சுமி அக்காவின் கூட்டல்

எனக்குக் கொக்கி வைத்துக் கொடுக்கும் லெட்சுமி அக்கா, முன்பு பாயான் லெப்பாஸ் பேக்டரியில் இருந்தவர். கைக்கரையில் அரை இஞ்ச் பட்டையும் கால் இஞ்ச் பட்டையும் சேர்ந்து வரவேண்டும், மொத்தம் எவ்வளவு என்று கேட்டேன். மேல் எண்ணோடு மேல் எண்ணைக் கூட்டி, கீழ் எண்ணோடு கீழ் எண்ணைக் கூட்டி, "ஆறுல ரெண்டு" என்றார். அரையோடு காலைச் சேர்த்தால் அரையை விடக் குறையுமா? அரையை நாலில் இரண்டாக்கு, அப்புறம் கூட்டு, நாலில் மூன்று, முக்கால் என்று தொண்டை வறளச் சொன்னேன்.

"பேக்டரில மிஷினே கணக்குப் போடும்லா. ஒன் மிஷினுக்குத்தான் அறிவு பத்தல."

நாலு மடிப்பு

வியாழக்கிழமை மணப்பெண் வந்தாள். பட்டு பிளவுஸ் கொஞ்சம் தொளதொள. "சுத்தளவுல ஒரு இஞ்ச் புடிங்க அக்கா" என்று உட்கார்ந்தாள். இடது பக்கத் தையலில் இரண்டு மடிப்பு, வலதில் இரண்டு. ஆக நாலு. மடிப்புக்குக் கால் இஞ்ச் பிடித்தால் மொத்தம் ஒரு இஞ்ச். அன்று காலைதான் லெட்சுமி அக்காவுக்கு இந்தக் கால் கணக்கை அரை மணி நேரம் பாடம் எடுத்திருந்தேன்.

அவள் அம்மாவின் எட்டுக் கதையை அவளிடமே சொல்லிச் சிரித்துக்கொண்டே மிஷினை ஓட்டினேன். போட்டுப் பார்த்தவளுக்குக் கொக்கி எட்டவில்லை. நடுவில் மூன்று இஞ்ச் இடைவெளி, பினாங்குப் பாலமே கட்டலாம். மடிப்புக்கு ஒரு இஞ்ச் பிடித்திருக்கிறேன், மொத்தம் நாலு! மடிப்புக்குள் போன துணியை நறுக்காமல் விட்டிருந்தேனோ, பிழைத்தேன். பட்டில் ஊசித் தடம் விழாமல் ஒவ்வொரு தையலாகப் பிரித்து, கால் காலாகப் பிடித்துக் கொடுத்தேன். கொக்கி மாட்டியது. கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"எங்கம்மாவச் சிரிச்சீங்களே அக்கா, ஒண்ண நாலாப் பிரிச்சுப் புடிக்கிற எடத்துல நீங்க ஒண்ணையே நாலு தடவ புடிச்சிருக்கீங்க!"

மணப்பெண் வரும்வரை அவள் அக்கா, அம்மா, லெட்சுமி அக்கா, நான் என்று அளவு பேசிய நாலு பேரில் பின்னம் தெரியாதவர்கள் முக்கால் பங்கு என்று சொல்லித் திரிந்தேன். என் கால் பங்கையும் சேர்த்து அதை முழு எண்ணாக்கிவிட்டேன்.