புள்ளிக்குப் பதில் பூ

என் அத்தை பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஊர் ஊராக அலைந்துவிட்டு வந்த எனக்கு வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. கதவு திறந்துவிடும் வேலைக்கு நானும் அந்த வேனில் ஏறிக்கொண்டேன். அப்போதுதான் அத்தையின் போன் வித்தை தெரிந்தது.

காலையில் கிளம்பும் முன் ஒவ்வொரு வீட்டுக்கும் வெறும் ஒரு புள்ளியை மெசேஜாக அனுப்புவார். கடைசி வீட்டுக்கு முதலில், முதல் வீட்டுக்குக் கடைசியில். கடைசியாகப் பேசியவரைத் தூக்கி மேலே வைப்பதுதானே போனின் குணம்? எல்லாம் அனுப்பி முடித்ததும் முதல் வீடு உச்சியில் இருக்கும், மற்றவை போகிற வழிப்படி கீழே நிற்கும். பிள்ளைக்கு லீவு என்றால் மட்டும் பதில் போட வேண்டும். பதில் போட்ட வீடு வரிசையை விட்டு மேலே தாவிவிடும், அங்கே வேன் நிற்காது. எதையும் திறந்து படிக்க வேண்டாம். கிளம்பும்போது ஒரு பார்வை போதும்.

இந்த ஏற்பாட்டில் மண்ணைப் போட்டவர் புதிதாகச் சேர்ந்த ஒரு அம்மா. புள்ளியைப் பார்த்ததும் மரியாதைக்காக ஒரு ரோஜாப்பூப் படம் அனுப்பினார். வீடு மேலே தாவியது. லீவு என்று நினைத்து அத்தை தாண்டிப் போய்விட்டார். பிள்ளை பையை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தது.

தலைமையாசிரியை கூப்பிட்டுவிட்டார். "இன்னொரு பிள்ளை விட்டுப்போச்சுன்னா நான் வேற வேன் பாத்துக்குவேன்மா."

அத்தை உடனே அந்த அம்மாவுக்குப் போன் போட்டார். "தாயே, புள்ளிக்குப் பதில் போடாதீங்க."

"சொல்லிட்டீங்கல்லக்கா, இனிமே போடவே மாட்டேன்."

மறுநாளும் பூ வந்தது. கூடவே கைகூப்பும் படமும்.

"பேசாம எல்லாத்தையும் திறந்து படிச்சுட்டுக் கிளம்பலாமே அத்தை?" என்றேன்.

"ஒவ்வொருத்தியும் பிள்ளை தும்முனதுலேர்ந்து எழுதுவா. படிச்சு முடிக்கிறதுக்குள்ள பள்ளிக்கூடமே விட்டுரும்."

"அப்ப அந்த அம்மாவ பிளாக் பண்ணுங்க."

"பண்ணிட்டு? பிள்ளைய நீ இடுப்புல தூக்கிட்டு வர்றியா?"

சில நாள் 'பூ வீடு, பூ வீடு' என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். அப்படியும் ஒருநாள் தாண்டிவிட்டு, பிரேக்கை மிதித்து, தெரு முழுக்க வேடிக்கை பார்க்க ரிவர்ஸில் வந்தோம்.

அன்று சாயங்காலம் காலி வேனை எடுத்துக்கொண்டு சந்து சந்தாகச் சுற்றினார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "அவங்க பூவ நிறுத்த முடியாதுடி. என் வழிய மாத்திட்டேன். நாளைலேர்ந்து அவங்கதான் முதல் வீடு."

"அவங்க பிள்ளைக்கு நெஜமாவே லீவுன்னா?"

"அதுக்குப் பூவா அனுப்புவாங்க? போன் போட்டுக் கால் மணி நேரம் மன்னிப்புக் கேக்க மாட்டாங்க?"

மறுநாள் புள்ளிகள் போயின. ரோஜா வந்து உச்சியில் உட்கார்ந்தது. "வா ராசாத்தி, அது உன் எடந்தான்," என்று சொல்லிவிட்டு அத்தை சாவியைத் திருகினார்.

அதன் பிறகு ஒரு பிள்ளையும் விட்டுப்போகவில்லை. வருடக் கடைசியில் தலைமையாசிரியை வாசலுக்கே வந்து, "அடுத்த வருஷமும் நீங்கதாம்மா," என்றார்.

அத்தை பவ்யமாகத் தலையாட்டினார். வேன் தெருமுனை திரும்பியதும், எதிரே ஆளே இல்லாத ரோட்டில், ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை.