கண்ணாடியில் படுத்தவர்

அந்தக் கடைத்தெருவில் யாருக்காவது ஊரறிய மானம் போனால், "கண்ணாடியில படுத்துட்டான்" என்பார்கள். அந்தப் பேச்சு எப்படி வந்தது என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். மெத்தைக்கடை விற்பனையாளருக்கு நன்றாகத் தெரியும். படுத்தவரே அவர்தான்.

மகள் பிறந்த புதிது. தோளில் போட்டுக்கொண்டு நடந்தால்தான் அழுகையை நிறுத்துவாள்; உட்கார்ந்தால் வீடு இரண்டுபடும். மனைவிக்கு உடம்பு தேறாததால் இரவெல்லாம் நடந்தது அவர்தான். ஒரு மத்தியானம், தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னாலிருந்த கட்டிலுக்கு விரிப்பு மாற்றப் போனவர், தலையணை உறையின் மூலையை இழுத்துவிட்ட கையோடு சாய்ந்துவிட்டார். விழித்தபோது கண்ணாடி முழுக்க முகங்கள். வாயைப் பிளந்து, ஒற்றைச் செருப்போடு கிடந்திருக்கிறார்.

இனி விரிப்பை வேறு யாராவது மாற்றட்டும் என்றதோடு முதலாளி விட்டுவிட்டார். தெரு விடுமா? எதிர்க்கடைத் தையல்காரர் ஒரு கால்சட்டையைக் குட்டையாக வெட்டி, நாலு பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்று, தானும் கண்ணாடியில் படுத்துவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லுக்குக் கால் முளைத்துவிட்டது.

மகளிடம் மட்டும் அவர் இதைச் சொன்னதே இல்லை. அவள் வளர்ந்து, ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்துவிட்டாள். ஒருநாள் இருவரும் பஸ்ஸில் போகும்போது, முன் இருக்கைக்காரர் தன் நண்பருக்கு அந்தப் பேச்சு வந்த கதையை விளக்கிக்கொண்டிருந்தார்: "எவனோ குடிகாரன், ஒரு கடைக் கண்ணாடிக்குள்ள விழுந்து கிடந்தானாம். அதுலேர்ந்து வந்ததுதான்."

டீயைத் தவிர எதையும் தொடாத மனிதருக்குக் காது சுட்டது. குடிக்கவில்லை என்று சொன்னால், அது யார் என்றும் சொல்ல வேண்டும். பக்கத்தில் மகள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் முன்னால் சாய்ந்தாள். "அண்ணே, அவர் குடிக்கல. கைக்குழந்தை ராத்திரியெல்லாம் தூங்க விடல. அந்தக் குழந்தை நான்தான்."

"உனக்கு யாரும்மா சொன்னது?" என்றார் அப்பா, ஜன்னலிலிருந்து திரும்பி.

"அம்மாதான். நான் அடம்பிடிச்சா இதச் சொல்லித்தான் அடக்குவா."

முன் இருக்கைக்காரர் அசடு வழியத் திரும்பினார். "மன்னிச்சுக்கங்க சார். இப்பவாவது நல்லா தூங்குறீங்களா?"

"எங்கங்க? நைட் டியூட்டி முடிஞ்சு இவ வீடு வந்து சேர்ற வரைக்கும் நடந்துக்கிட்டுதான் இருக்கேன்."